தரையைப் பார்த்து டயரைப் போடு

உடுமலையிலோ மடத்துக்குளத்திலோ ஒரு டயர் கடை வாசலில் சாயங்காலம் அரை மணி நேரம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது: "அண்ணா, பின்னாடி ஒன் ஃபிஃப்டி போட்டுக்கலாங்களா?" கேட்கிற தம்பிக்கு இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, தவணையில் எடுத்த ஆர்15 அல்லது டியூக். கடைக்காரர்களில் பாதிப் பேர் "தாராளமா போட்டுக்கலாம் தம்பி, லுக்கா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டயரை எடுக்க உள்ளே போவார்கள். மீதிப் பேர் முதலில் குனிந்து ரிம்மைப் பார்ப்பார்கள். நீங்கள் போக வேண்டியது குனிகிற ஆளின் கடைக்கு.

அது அழகைப் பற்றிய கேள்வி. கொஞ்ச காலமாக அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "செட்டிபாளையத்துல டிராக் டே போறனுங்க. ரோட்டுக்கும் டிராக்குக்கும் சேத்து ஒரே டயர் ஏதாச்சும் இருக்குதுங்களா?" செட்டிபாளையம் என்றால் கரி மோட்டார் ஸ்பீட்வே. 2.1 கிலோமீட்டர் நீளம், 2003இல் திறந்தது. கோவை மில் குடும்பத்தில் பிறந்து, ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கி, 1995இல் விமான விபத்தில் இறந்துபோன எஸ். கரிவர்தனின் பெயர்தான் அந்தக் 'கரி'. ஸ்பிண்டில் செய்யவும் மோட்டார் சுற்றவும் பழகிய பட்டறைக் கைகள் பக்கத்தில் இருந்ததால்தான் கோவையில் பந்தயக் கார் பிறந்தது என்பது என் எண்ணம். அது தனிக் கதை.

எங்கள் ஊர் கொமரலிங்கத்திலிருந்து அந்தத் தடத்துக்கு 80 கிலோமீட்டர் போல வரும். நம் பையன்கள் பைக்கை ஓட்டியே போய், தடத்தில் சுற்றிவிட்டு, அதே டயரில் ஓட்டியே வீடு திரும்புகிறார்கள். வேனில் ஏற்றிக்கொண்டு போக வசதி இருப்பவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. அவர் தடத்துக்கென்றே செய்த டயரை மாட்டிக்கொள்ளட்டும். சிக்கல் நமக்குத்தான்.

முதலில் தரை.

அமராவதியின் பழைய ஆயக்கட்டுக்குத் தண்ணீர் கொடுக்கும் எட்டு ராஜவாய்க்கால்களில் ஒன்று கொமரலிங்கத்தின் பெயரிலேயே ஓடுகிறது. நெல், கரும்பு, தென்னை. அறுப்புக் காலத்தில் டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து தூக்கிவரும் சேறு தாரின் மேல் பட்டை பட்டையாக விழுந்து காய்ந்து கிடக்கும். நல்ல வெயில் அடித்தால் ரோட்டின் ஒரு பாதி நெற்களமாகிவிடும். அடுத்த பாதியில் வைக்கோல். வைக்கோலின் மேல் பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரம் டயர் தாரைத் தொடுவதே இல்லை. தண்டுகள் அடியில் உருளுகின்றன, அவற்றோடு சேர்ந்து வண்டியும் போகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரானாலும் அங்கே ஒன்றும் செய்யாது. மார்கழிக் காலையில் வாய்க்கால் ஓரத்து ரோடு பனியில் நனைந்திருக்கும். ஐப்பசி முதல் மழையில், மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வரும்.

கொழுமம் ரோட்டைப் பிடித்து உடுமலை தாண்டிவிட்டால் பொள்ளாச்சி பக்கம் நான்கு வழிச்சாலை. நேராக, வழவழவென்று, சூடாக ஓடுகிறது. இங்கே டயருக்கு வேறு வகைக் கேடு. சாயாமல் நேராகவே ஓடுவதால் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிறது. வட்டமாக இருக்க வேண்டிய மேல்பரப்பில் இரண்டு பக்கமும் ஒரு விளிம்பு உண்டாகிவிடும். இந்த டயரோடு தடத்துக்குப் போய் முதல் வளைவில் வண்டியைச் சாய்த்தால், அந்த விளிம்பைத் தாண்டும் இடத்தில் வண்டி சட்டென்று உள்ளே விழுவதுபோல் இருக்கும். பயந்து ஆக்சிலேட்டரை மூடுவார்கள். பலர் சஸ்பென்ஷனைக் குறை சொல்கிற இடம் இது. குற்றம் நான்கு வழிச்சாலையுடையது. நடுவில் கெட்டியான ரப்பரும் இரு ஓரங்களில் மென்மையான ரப்பரும் வைத்து 'டூயல் காம்பவுண்ட்' டயர்கள் செய்வதற்கு இது முக்கியமான காரணம். நம் பாதைக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன்.

இனி ரப்பர். பைக் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு ஏடிஎம் கார்டு அளவுதான். பிரேக், வளைவு, வேகம் எல்லாம் அந்த இரண்டு கார்டுகள் வழியாகத்தான் நடக்கின்றன. தாரில் பதித்த ஜல்லியின் கூர்முனைகளுக்கு நடுவே ரப்பர் இறங்கி, பிதுங்கி, மறுபடி பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. உடனே திரும்பாமல் கொஞ்சம் தாமதிக்கிறது. அந்தத் தாமதத்தில் போகும் சக்திதான் பிடிப்பின் பெரும்பகுதி. மென்மையான ரப்பர் நன்றாக இறங்கும், நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டி ரப்பர் நாள்பட ஓடும், பிடிப்பு குறையும். பல்லாண்டுகளாகக் கலவையில் கார்பன் பிளாக் மட்டுமே ஆண்டது. 1990களின் தொடக்கத்தில் மிஷெலின் சிலிக்காவைப் பெருமளவில் கலக்கத் தொடங்கிய பிறகு, ஈரத்தில் பிடிப்பும் வேண்டும், உருளும்போது சக்தியும் வீணாகக்கூடாது என்ற இரட்டை ஆசை ஓரளவு கைகூடியது. இன்று சாலைக்கென்று வாங்கும் நல்ல ரேடியல் டயர் எதிலும் சிலிக்கா இருக்கும்.

டயர் என்றதும் ரப்பரையே நினைக்கிறோம். உள்ளே இருப்பது துணி. இதை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரை விடவும் திருப்பூர்க்காரர் சுலபமாகப் புரிந்துகொள்வார். லைக்ரா 20 டினியரா 40 டினியரா என்று பேரம் பேசுகிற ஊர் இது. டயருக்குள் போகும் நைலான் நூல் 840, 1260, 1890 டினியர் கனத்தில், பெரும்பாலும் இரண்டு புரி முறுக்கி வரும். அதைத் துணியாக நெய்து, ரப்பரில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்துத்தான் டயரின் உடம்பைக் கட்டுகிறார்கள். அந்த நூல் ஓடும் கோணத்தில்தான் விலை வித்தியாசமே. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து ஓடினால் பயாஸ். பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும், பாரம் தாங்கும், சூடாகும். நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடி, மேலே தனியாகப் பட்டை சுற்றியிருந்தால் ரேடியல். பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும், மேல்பரப்பு தரையில் படிந்து உட்காரும், சூடு குறைவு. வேகத்துக்கும் வளைவுக்கும் ரேடியல். துணி மூட்டை கட்டிக்கொண்டு போகிற டிவிஎஸ் எக்ஸ்எல் 100க்கு 2.50-16 அளவில் ஆறு பிளை டயர் போடுகிறார்களே, அந்த வேலைக்கு அதுதான் சரி. அதில் போய் ரேடியல் கேட்பது வீண்.

அடுத்தது சூடு. ரோட்டுக்கு ஒரு டயர், தடத்துக்கு ஒரு டயர் என்று பிரிவதன் வேர் இங்கேதான். சாலை டயரின் ரப்பர் காலையில் வண்டி எடுத்த உடனேயே வேலை செய்யும்படி கலக்கப்பட்டது. பந்தய ஸ்லிக்கின் ரப்பர் 80 முதல் 100 டிகிரி வரை சூடானால்தான் விழித்துக்கொள்ளும். அதனால்தான் பந்தயத்துக்கு முன் மின்சாரப் போர்வை சுற்றி டயரைச் சூடேற்றி வைக்கிறார்கள். ஆறிய ஸ்லிக் வழுக்கும்.

"நம்மூர் சித்திரை வெயில்ல ரோடே 60 டிகிரி சுடுதுங்களே, அப்புறமென்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் வெயில் சுடுவது மேல்தோலை. தடத்து டயர் வேலை செய்ய உடம்பு முழுக்கச் சூடாக வேண்டும்; அந்தச் சூடு கடுமையான பிரேக்கிலும் சாய்விலும் டயர் நசுங்கி நசுங்கி உள்ளிருந்து வருவது. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் நேராக ஓடும் வண்டிக்கு அது வராது. சித்திரையில் எப்படியோ சமாளித்தாலும் மார்கழியில் என்ன செய்வீர்கள்? ஸ்லிக்கில் பட்டன், அதாவது மேல்பரப்பில் வெட்டிய பள்ளமும் மேடும், கிடையாது. பட்டன் பிடிப்புக்காக இருப்பதில்லை, தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக இருக்கிறது. காய்ந்த தடத்தில் பட்டன் இல்லாவிட்டால் அதிக ரப்பர் தரையில் படும், லாபம். மழையில் அதே டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். பொதுச் சாலையில் அதை மாட்டுவது சட்டப்படியும் தப்பு. பட்டன் தேய்ந்துபோன பழைய மொட்டை டயரைக் காட்டி "இதும் ஸ்லிக்தானுங்களே" என்று சிரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்லிக்கில் இருப்பது புத்தம் புது மென்மையான ரப்பர். உங்கள் மொட்டை டயரில் மிஞ்சியிருப்பது வெயிலில் இறுகிப்போன அடித்தோல்.

தரைக்கும் டயருக்கும் ஒத்துவராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த உதாரணத்தில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருக்கிறார். 2005, ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். அந்த வருடம்தான் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் சேர்ந்து, ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், ரால்ஃப் ஷுமாக்கரின் டொயோட்டாவுக்கு 13ஆவது வளைவில் இடது பின் டயர் போய், கார் சுவரில் மோதியது. அந்த வளைவு மேடாகச் சாய்த்துக் கட்டியது. முழு வேகத்தில் வரும் காரைக் கீழ்நோக்கி அழுத்தும். தரையும் புதிதாகப் போட்டது. மிஷெலின் தன் டயர்களை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த வளைவில் வேகத்தைக் குறைக்காமல் பந்தயம் முழுக்க இவை தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றது. அந்தப் பருவத்து விதிப்படி நடுவில் டயர் மாற்றவும் கூடாது. பந்தய நாளில் ஒத்திகைச் சுற்று முடிந்ததும் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் வரிசையாகப் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவது. ஐந்து புள்ளிகள். ஃபார்முலா 1இல் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அவருடைய ஃபார்முலா 1 வாழ்க்கையிலும் அவை மட்டும்தான்.

அந்த வருடம் மிஷெலின் மட்டமான டயர் செய்ததா என்றால், 19 பந்தயங்களில் 18ஐ வென்றது மிஷெலின் டயர்தான். கைவிட்டுப் போனது இந்த ஒன்று. பிரிட்ஜ்ஸ்டோனுக்கோ, அதன் ஃபயர்ஸ்டோன் டயர்கள் மே மாதமே அதே புதுத் தரையில் இண்டி 500 பந்தயம் ஓடிய அனுபவம் கையில் இருந்தது. "மார்க்கெட்டிலேயே பெஸ்ட் டயர் எதுங்க?" என்று கேட்டால் எனக்கு உடனே அந்த 14 கார்கள்தான் நினைவுக்கு வரும்.

ரோட்டையே தடமாக்கிய கதையும் நம்மிடம் உண்டு. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பொதுச் சாலையில் இரவுப் பந்தயம் நடந்தது. சாலையைச் செப்பனிட்டு, தடுப்புச் சுவர் வைத்து, கூட்டிப் பெருக்கி, அதற்குப் பின்தான் பந்தய டயரை இறக்கினார்கள். கொழுமம் ரோட்டுக்கு அப்படி யாரும் வந்து பெருக்கித் தரப்போவதில்லை. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவில் குற்றம் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

சரி, எதை வாங்குவது? கடையில் கிடைப்பதை மூன்று படியாக வைத்துக்கொள்ளலாம். முதல் படி, சாதாரண வண்டியோடு வரும் நைலான் பயாஸ் டயர். இரண்டாவது படி, சாலைக்கான ஸ்போர்ட் ரேடியல்: அப்போலோ ஆல்ஃபா எச்1, மதுரை டிவிஎஸ் யூரோகிரிப்பின் புரோடார்க் எக்ஸ்ட்ரீம், எம்ஆர்எஃப் ஸ்டீல் பிரேஸ், வெளிநாட்டில் பிரெல்லி டயாப்ளோ ரோஸோ, மெட்ஸலர் ஸ்போர்டெக் வரிசைகள். மிஷெலின் ரோடு 5 சற்றே வேறு ரகம், தொலைதூரப் பயணத்துக்கும் மழைக்கும் பேர் போனது. அப்பாச்சி ஆர்ஆர் 310இல் 2020 முதல் கம்பெனியே அதைப் போட்டுக் கொடுத்தது. மூன்றாவது படி, பாதி ஸ்லிக்: பிரெல்லி சூப்பர்கோர்ஸா போன்றவை. அதிலேயே எஸ்பி என்பது சாலையிலும் ஓட்டக்கூடியது, எஸ்சி தடத்துக்கென்றே செய்தது. இரண்டெழுத்தைக் கவனிக்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

கொமரலிங்கத்தில் இருந்துகொண்டு வருடத்துக்கு நாலைந்து முறை தடத்துக்குப் போகிறவருக்கு இரண்டாவது படியே போதும் என்பது என் தீர்ப்பு. கரி தடம் நீளம் குறைந்தது, நெருக்கமான வளைவுகள் கொண்டது. முந்நூறு, நானூறு சிசி வண்டியில், அதுவும் புதிதாக ஓட்டுகிறவர், நல்ல ஸ்போர்ட் ரேடியலின் எல்லையைத் தொடுவதற்கே பல தடவை போக வேண்டியிருக்கும். பாதி ஸ்லிக் போட்டால் தடத்தில் சில நொடி லாபம் வரலாம். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளும் வைக்கோலிலும் பனியிலும் ஆறிய டயரோடு ஓட்ட வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்ந்தும் போகும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டாயமாக்கியது. வெளிநாட்டு டயரை நம்பி இருந்தால் நம் அளவு கிடைக்காமல் காத்திருக்க வேண்டிவரலாம்.

எம்ஆர்எஃப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 1946இல் சென்னை திருவொற்றியூரில் கே.எம். மம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகையிலிருந்து வந்த கம்பெனி. 2022இல் அதன் டயரில் ஓடித்தான் ஸ்பெயின்காரர் எஃப்ரேன் யாரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். ராலி டயரும் தடத்து டயரும் வேறு வேறு. இருந்தாலும் நம்மூர் ரப்பரை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

இனி அந்த ஒன் ஃபிஃப்டி. 140/70 R17 66H என்று பக்கச்சுவரில் இருந்தால், 140 மில்லிமீட்டர் அகலம், அகலத்தில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், ரேடியல், 17 அங்குல ரிம். 66 என்பது 300 கிலோ பாரம், H என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. 130 டயருக்கென்று செய்த ரிம்மில் 150ஐ ஏற்றினால் இரண்டு விளிம்பும் உள்ளே இழுபட்டு டயர் நடுவில் கூம்பிக்கொள்ளும். நேராகப் போகும்போது தரையில் படும் பரப்பு கூடுவதற்குப் பதில் குறையவே செய்யும். ஓரத்து ரப்பர் கடைசி வரை தரையைப் பார்க்காமலே கிழடாகும். வண்டி சாயத் தயங்கும். சில வண்டிகளில் செயினிலோ ஸ்விங் ஆர்மிலோ உரசும். பார்க்க அகலம், அவ்வளவுதான் லாபம். கார்க்காரர்களுக்கும் இதே கணக்குதான். 185/65 R15 இருந்த இடத்தில் 195/60 R15 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் ஒரு சதவீதம்தான் குறையும். ஸ்பீடோமீட்டரும் பெரிதாகப் பொய் சொல்லாது. அதைத் தாண்டிப் போவதற்கு முன் ரிம் அகலத்தைக் கேளுங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் தேதி பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3223 என்றால் 2023ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். தள்ளுபடியில் கிடைக்கிற ஸ்போர்ட் டயர் பல நேரம் கடையிலேயே வயதான டயர். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும். புது டயரை மாட்டியதும் முதல் 100, 150 கிலோமீட்டர் அடக்கி ஓட்டுங்கள். மேலே இருக்கும் பளபளப்பு போகிற வரை பிடிப்பு முழுசாக வராது. மாட்டின மறுநாளே செட்டிபாளையம் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

டயரை விடப் பெரிய விஷயம் காற்று. நைட்ரஜன் நிரப்பினால் பிடிப்பு கூடும் என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஈரம் இல்லாத காற்று என்பதுதான் அதில் கிடைக்கும் நன்மை. அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்கலாம். காலையில் 30 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர், தடத்தில் நாலைந்து சுற்று ஓடி உள்காற்று 70 டிகிரிக்குப் போனால் 36ஐத் தொடும். காற்று ஏற ஏறத் தரையில் படும் பரப்பு சுருங்கும். டயர் உருண்டையாகி வழுக்கத் தொடங்கும். அதனால் முதல் செஷன் முடிந்து பிட்டுக்குள் வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். சூட்டில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை டயர் கம்பெனியோ தடத்தின் பயிற்சியாளரோ சொல்வார்கள். அந்த அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொள்ள வேண்டும். ஓரத்தில் ரப்பர் எப்படிக் கிழிந்திருக்கிறது என்றும் பாருங்கள். மெல்லிசாகச் சுருண்டிருந்தால் சரி. நீல நிறம் ஏறி, கொப்பளம் மாதிரிப் பிய்ந்திருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது, அன்றைக்கு அது போதும்.

பலர் கோட்டை விடுவது திரும்பும்போதுதான். சூட்டில் 30க்கு இறக்கிய டயர் ஆறினால் 25க்குப் போய்விடும். அதோடு பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு நான்கு வழிச்சாலையில் எண்பதிலும் தொண்ணூறிலும் வந்தால், குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி மடங்கி உள்ளே நூலடுக்கு வேகத் தொடங்கும். தடத்திலிருந்து கிளம்பியதும் கிணத்துக்கடவுக்குள் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்துங்கள். டயர் ஆறுகிற வரை டீ குடியுங்கள். பிறகு வண்டியின் கைப்புத்தகம் சொல்கிற அளவுக்கு, ஆள் ஏற்றினால் அதற்குப் போட்டிருக்கிற அளவுக்கு, காற்று ஏற்றிக்கொள்ளுங்கள். தடத்தில் ஒட்டிக்கொண்ட ரப்பர் துணுக்குகள் ஓரங்களில் இருந்தால் விரலால் பிய்த்துப் போடுங்கள். அவை தானாக உதிர்கிற வரை வளைவில் டயர் நெளியும். உடுமலைக்கு இந்தப் பக்கம் வரும்போது இருட்டியிருக்கும், களத்து வைக்கோலை யாரும் அள்ளியிருக்க மாட்டார்கள்.